குச்சிக்குப் பின்னால் வந்த கார்

கவிதா,

நீ அய்யம்பாளையத்தில் இருக்கும் உன் சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அது எப்படியோ உனக்குத் தெரிந்துவிடுகிறது. "சரிம்மா, வைக்கிறேன்" என்று முடித்துக்கொள்கிறாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படும் இடத்தில் நான் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை உன் சான்று அட்டையைத் திருப்பித் தருவதா, ரத்து செய்வதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அந்த அட்டை போனால், இனி எந்தச் சாலை வேலையிலும் 'நில்' பலகை பிடித்து நிற்க உன்னை விடமாட்டார்கள். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. இதைத் தாளில் எழுதி உன் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது பலர் முன்னால். அதில் ஒரு பொய் நான் முப்பது வருடம் செய்தி அனுப்பிய இதே பத்திரிகையில் அச்சாகியிருக்கிறது. திருத்தமும் இங்கேயே வரவேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் இந்த இடத்தைக் கொடுத்தார். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும். படிக்கட்டும்.

உன் வேலையிலிருந்து தொடங்குகிறேன். பழனி மலைச்சாலையில் வடகவுஞ்சிக்குக் கீழே, மழையில் சரிந்த தடுப்புச் சுவரை மறுபடியும் கட்டுகிறார்கள். சாலையில் ஒரு வண்டி போகும் அகலம்தான் மிச்சம். கீழ்முனையில் நீ, மேல்முனையில் பேச்சியம்மா. நடுவில் ஒரு பாறையும் வளைவும் இருப்பதால் நீங்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வாக்கி டாக்கி பாறைக்கு அந்தப் பக்கம் கொரகொரவென்று இரையுமே தவிர, பேச்சு விளங்காது. அதனால் ஒரு குச்சி வைத்திருக்கிறீர்கள். சிவப்பும் மஞ்சளும் அடித்த குச்சி. கீழிருந்து வண்டிகளை அனுப்பும்போது கடைசி வண்டி ஓட்டுநரிடம் அதை நீ கொடுப்பாய். மேலே அவர் அதைப் பேச்சியிடம் கொடுப்பார். குச்சி கைக்கு வந்துவிட்டால் பாதை காலி என்று அர்த்தம். அப்புறம்தான் பேச்சி மேலே நிற்கும் வண்டிகளை இறக்கிவிடுவாள். அவற்றில் கடைசி வண்டியோடு குச்சி உன்னிடம் திரும்பி வரும். குச்சி போன பிறகு, அது திரும்பி வரும்வரை, கீழிருந்து ஒரு சைக்கிள்கூட உள்ளே நுழையக் கூடாது. இவ்வளவுதான் விதி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். எனக்கும் புரிந்துதான் இருந்தது.

இந்த வேலைக்கு வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடத்தினார்கள். நீ பி.காம். முடித்து, கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் சீசனுக்குச் சீசன் உட்கார்ந்துகொண்டிருந்த நேரம். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். சாலை ஒப்பந்தக்காரரின் விளம்பரத்தைப் பார்த்து நீயே விண்ணப்பித்தாய். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, கூடத்தில் நின்று தோசைத் திருப்பியைப் பலகையாகப் பிடித்து எங்களுக்குக் காட்டினாய். வண்டிக்கு முதுகு காட்டக் கூடாது. நடு ரோட்டில் நிற்கக் கூடாது. நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தாறுமாறாக வண்டி வந்தால் ஓடி ஒதுங்க ஒரு இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்டேன்: "நில்லுன்னு சொல்றதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டா?"

"நீங்க சொன்னவுடனே நின்னுருவீங்களாப்பா?"

"நான் எதுக்குத்தா நிக்கணும்?"

"அதுக்குத்தான் சர்ட்டிபிகேட்."

உன் அம்மா சிரித்து அடங்க நேரமாயிற்று. கடைசி நாள் செய்முறைத் தேர்வைப் பற்றி நீ சொன்னதையும் மறக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களே ஆளுக்கொரு வேடம் போட்டு ஓட்டுநராக வந்தார்களாம். ஒருவர் கட்சிக்காரர். ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்த சுற்றுலாப் பயணி. பேச்சி கல்யாண வீட்டுக்காரியாக வந்து, "முகூர்த்தம் போகுதுடி, ஏங் கண்ணு, வெரசா விடுடி" என்று உன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்ச, மண்டபமே சிரித்ததாம். உனக்கு முன்னால் தேர்வுக்கு நின்ற பையன், அவள் இப்படி வந்தபோது சிரித்துப் பலகையைத் தாழ்த்திவிட்டதால் அவனுக்குத் தேர்ச்சி இல்லை. நீ தாழ்த்தவில்லை. "தெரியாத ஆளை நிறுத்துறது ஒரு வேலையே இல்லையாம்ப்பா. தெரிஞ்ச முகம் வரும்போதுதான் கை தானா எறங்குமாம்" என்றாய். "அப்ப நான் வந்தா?" என்றேன். "நீங்க வந்தாலும் நில்லுதான்." "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினேன். உன் அட்டையில் உன் படம் நன்றாக விழுந்திருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் வெள்ளனே பெருமாள்மலையில் பஸ் ஏறுவாய். நான் அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

ஆமாம், தவிர்த்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். ரோட்டில் நின்று கொடி ஆட்டுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பஸ் ஓட்டுநர்களுக்கெல்லாம் உன்னைத் தெரிந்திருந்தது. "உங்க மக இருந்தா ரோடு சுத்தமா நடக்குது சார்" என்று ஒருவர் சொன்னபோது, நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். உறவுக்காரர்கள் கேட்டால் "நெடுஞ்சாலைத் துறையில இருக்கா" என்றேன். துறையில் இல்லை, ஒப்பந்தக்காரரிடம். செய்தியில் ஒருவருடைய பதவியைத் தவறாகப் போட்டதற்காக எத்தனையோ இளம் நிருபர்களை நான் திட்டியிருக்கிறேன். என் மகளின் வேலையை ஒருமுறைகூட நான் சரியாகச் சொன்னதில்லை.

ஒட்டன்சத்திரத்து வரன் வந்தபோது நீ ஒரே ஒரு நிபந்தனை வைத்தாய். "என்ன வேலைன்னு பச்சையாச் சொல்லிருங்கப்பா. பிடிச்சிருந்தா வரட்டும்." நான் மறுநாள், "சொல்லியாச்சு" என்றேன். சொல்லவில்லை. அவர்களிடமும் அதே "நெடுஞ்சாலைத் துறை" தான். கல்யாணம் முடிவானபின் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது. அவர்கள் ஒரு வேண்டுதலுக்காகப் பழனிக்கு வந்தார்கள். சாமி கும்பிட்டு முடித்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், வீட்டையும் பாத்துட்டுப் போறோமே" என்றார். மாப்பிள்ளை வரவில்லை; அவருடைய அம்மாவும் தாய்மாமனும் மட்டும். நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு அவர்களை அழைத்துவரக் கிளம்பினேன். கீழே இறங்கும்போது வடகவுஞ்சி முனையில் பேச்சி நின்றாள். கீழ்முனையில் நீ இருந்தாய். வரிசையோடு வந்ததால் உன்னைக் கடந்துபோனேன். நீ கையசைத்தாய். திரும்பி வரும்போது காரில் அவர்கள் இருப்பார்கள் என்பது அப்போதே எனக்கு உறைத்தது. வத்தலக்குண்டு வழியாகச் சுற்றி வந்திருக்கலாம். அப்படிச் சுற்றினால் அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் ஏறி வந்தபோது பனி இறங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில், தாய்மாமன் பின்னால். தூரத்திலேயே உன் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஒரு காய்கறி லாரி அப்போதுதான் உன்னைக் கடந்து வளைவுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீ அதன் ஓட்டுநரிடம் குச்சியைக் கொடுத்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இதுவரை என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். நீ பலகையை 'நில்' பக்கம் திருப்பி, இடது கையை உயர்த்தினாய். எங்களுக்கு முன்னால் வேறு வண்டி இல்லை. நின்றால், உனக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். நீ வந்து கண்ணாடியைத் தட்டுவாய். "யாருப்பா வந்துருக்காங்க?" என்பாய். உன் கழுத்து அட்டையில் பெயர் இருக்கிறது. அவர்களிடம் உன் புகைப்படம் இருக்கிறது.

நான் நிறுத்தவில்லை. உன் பலகைக்கு வலப்பக்கமாகக் காரை ஒடித்து, லாரியின் பின்னால் ஏறினேன். நீ துணியால் வாயைக் கட்டியிருந்தாய், தலையில் தொப்பி. அதனால் அவர்கள் உன்னை அடையாளம் காணவில்லை. நீ என்னை அடையாளம் கண்டாய். கார் உன்னைத் தாண்டியதும் துணியை இழுத்துவிட்டு, "யப்பா! நில்லுங்கப்பா! குச்சி போயிருச்சு!" என்று கத்தினாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்டது.

"என்ன அந்தப் பொண்ணு உங்கள அப்பாங்குது?" என்று மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க வயசானவங்க எல்லாரையும் அப்படித்தாம்மா கூப்பிடும்" என்றேன்.

மலைச்சாலையில் எத்தனையோ விபத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு வாக்கியத்தை ஓட்டுநர் பேசியதாக எழுதியதில்லை. யாரும் என்னிடம் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

பின்னாலேயே போய்விட்டால் லாரியோடு சேர்ந்து கரையேறிவிடலாம் என்பது என் கணக்கு. பனியில் லாரி எனக்கு முன்னால் மறைந்துவிட்டது. சல்லிக் குவியலைச் சுற்றிப் போக நான் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அதற்குள் லாரிக்காரர் மேலே போய்ச் சேர்ந்து குச்சியைக் கொடுத்துவிட்டார். பேச்சி தன் வேலையைச் சரியாகச் செய்தாள்; மேலே நின்ற வண்டிகளை இறக்கிவிட்டாள். முதலில் வந்தது வடகவுஞ்சிப் பூண்டு விவசாயி ஒருவரின் இருசக்கர வண்டி. வளைவில் என் விளக்கைப் பார்த்ததும் அவர் பிரேக் பிடித்து, ஈர மண்ணில் சறுக்கி, கட்டுமானக் கல்லில் தோள் இடிக்க விழுந்தார். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் சுவரே இல்லாத இடம்.

வேலையாட்கள் ஓடிவந்தார்கள். அவரைத் தூக்கி ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். தகரக் கொட்டகையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். உன்னைவிட இரண்டொரு வயது கூட இருப்பார். யாருடைய கார், யார் உள்ளே விட்டது என்று கேட்டார். தாய்மாமன் காரிலிருந்து இறங்கி, "என்னய்யா ரோடு போடுறீங்க, ஆள் கொல்றதுக்கா?" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தம் எனக்கு வசதியாக இருந்தது. "கீழே விட்டாங்க, வந்தேன்" என்றேன். நீ அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்தாய். மூச்சு வாங்கியது; துணி மறுபடி வாயை மூடியிருந்தது. அதிகாரி உன்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, குச்சி போனதுக்கப்புறம் விட்டீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு காருக்குள் இருந்த அம்மாளைப் பார்த்தாய். பட்டுப்புடவை, மடியில் பஞ்சாமிர்தமும் பூப்பொட்டலமும். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த ஒரு நொடி, நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அப்பன் பயந்தான், கவிதா, மகள் உண்மை சொல்லிவிடுவாளோ என்று.

"ஆமா சார். கவனிக்கல" என்றாய்.

"நீங்க இப்படிச் சொன்னா அப்படியே எழுதிக்க வேண்டியிருக்கும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

அவர் கேட்காமலே அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாய். நான் காரை எடுத்தேன். "பாவம் அந்தப் பொண்ணு. ஏதோ வயித்துப் பொழப்பு, வெயிலு மழையில நிக்குது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் தலையாட்டினேன்.

வீட்டில் உன் அம்மா கேசரி கிண்டியிருந்தாள். உனக்கு அவசர வேலை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்களுக்கு வீடு பிடித்திருந்தது. நம் சம்பந்தமும் பிடித்திருந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு வந்தபோது நீ அடுப்படியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது இரண்டே கேள்விகள். "வந்தவங்க போயிட்டாங்களா?" "காபி குடிச்சாங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மறுநாள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாய். வேலைத் தளத்தில் கொஞ்ச நாள் விடுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அங்கேயும் என்னைக் காப்பாற்றினாய்.

விபத்து நடந்த அன்று மாலையே என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர் என்னை அழைத்தார். "அண்ணே, வடகவுஞ்சி ரோட்டுல ஏதோ ஆக்சிடெண்டாம்ல. நீங்க அந்தப் பக்கம்தான போனீங்க?" என்றார். நடந்ததைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. "கொடி காட்டுற பணியாளரோட கவனக்குறைவுன்னு போடுப்பா" என்றேன். "காரு யாருதுண்ணே?" "சுற்றுலா வண்டி." அவர் என்னை நம்பி அப்படியே போட்டார். காலையில் அந்தச் செய்தியைப் படித்தேன். சுருக்கமாக, பிழையில்லாமல், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே இருந்தது.

உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது மாப்பிள்ளையின் அம்மா மூலமாகத்தான். போன வாரம் நாள் குறிப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டவர், நல்ல மனதோடு, "உங்க மலைப் பக்கம் பிள்ளைங்க எவ்வளவு மரியாதைங்க. ரோட்டுல நின்ன ஒரு பொண்ணு உங்க வீட்டுக்காரரை வாய் நிறைய அப்பான்னு கூப்பிட்டுச்சு. பாவம், அதுக்குத்தான் வேலை போச்சு" என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா பேச்சை முடித்துவிட்டு, கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, என் எதிரில் வந்து நின்றாள்.

"ரோட்டுல எத்தனை பிள்ளைங்க உங்கள அப்பான்னு கூப்பிடுதுங்க?"

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"எம் பிள்ளை கத்திக் கூப்பிட்டிருக்கா. நீங்க யாரோ எவளோன்னுட்டு வந்திருக்கீங்க. அவளும் வாயத் தொறக்காமப் போயிட்டா. வண்டியோட விழுந்த மனுசன் செத்திருந்தாலும் தொறந்திருக்க மாட்டா, தெரியுமில்ல உங்களுக்கு? அவளை யாரு அப்படி வளர்த்தது?"

நான்தான் வளர்த்தேன். உனக்கு நினைவிருக்கும். நீ ஐந்தாவது, ஆறாவது படிக்கும்போது வீட்டில் ஒரு தரைவழித் தொலைபேசி இருந்தது. நான் எழுதிய செய்தியால் கோபம் கொண்டவர்கள், வாக்குக் கொடுத்துவிட்டு நான் செய்யாத காரியங்களுக்காகத் தேடுபவர்கள், யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மணி அடித்தால் உன்னை எடுக்கச் சொல்வேன். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டுவேன். நீ, "அப்பா சோலியா மதுரை போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன்" என்பாய். குரல் கொஞ்சமும் பிசகாது. ஒருநாள், "மதுரைன்னே சொல்லிட்டு இருந்தா நம்ப மாட்டாங்கப்பா, இன்னைக்குத் திண்டுக்கல்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு, இதை நண்பர்களிடமெல்லாம் உன் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லித் திரிந்தேன். வத்தலக்குண்டு மண்டபத்தில் உனக்குத் தெரிந்த முகத்தை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ அதைக் கற்றுக்கொண்டாய். அன்றைக்குப் பலகையைத் தாழ்த்தாமல்தான் நின்றாய். பலகை உன் கையிலிருந்து நழுவியது ரோட்டில் அல்ல, அந்த அதிகாரி முன்னால். அது அவர்களுடைய பயிற்சியின் குறை அல்ல. அவர்கள் சொல்லிக்கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நான் உனக்குப் பயிற்சி கொடுத்து முடித்திருந்தேன்.

அதற்குப் பின் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். பெருமைக்காக அல்ல, நீ செவ்வாய்க்கிழமை என்ன சொல்லப் போகிறாய் என்பதற்கு இவை தெரிந்திருக்க வேண்டும். வடகவுஞ்சிக்குப் போய் அந்த விவசாயியைப் பார்த்தேன். தோளில் கட்டுப் போட்டு, வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காரை ஓட்டியவன் நான் என்றேன். "தெரியும்யா. கண்ணாடிக்குள்ள உங்க மூஞ்சியத்தான பாத்துக்கிட்டே விழுந்தேன்" என்றார். பலகையை மீறி வந்தேன், நிறுத்தியவள் என் மகள் என்றேன். "அடப் பாவி மனுசா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் அந்தப் பிள்ளையையில்ல வஞ்சுக்கிட்டே போனேன். வெளங்காதவ, கண்ணு அவிஞ்சவன்னு. அத்தனை வசவும் வீணாப் போச்சே" என்றார். அதை என்னிடம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "போய்யா, எனக்கு வலி கெடக்கு" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து காவல் நிலையம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வழக்கு என்மேல் பதிவாகியிருக்கிறது. பதிவாவதுதான் சரி.

ஒட்டன்சத்திரத்துக்கு நானே பேசினேன். உன் வேலை என்ன என்று பச்சையாகச் சொன்னேன். ரோட்டில் கூப்பிட்டது யார் என்றும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, "நான் அன்னைக்கே கேட்டேனே உங்ககிட்ட" என்றார், அவ்வளவுதான். பிறகு தாய்மாமன் வாங்கி, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும். நீயும் யோசி. யாரைக் கட்டிக்கொண்டாலும், நாலு பேர் முன்னால் உன் வேலையின் பெயரை உள்ளது உள்ளபடி சொல்லும் வீடாகப் பார். அப்படி ஒரு வீட்டில் இருந்து உனக்குப் பழக்கமில்லை. அதனால் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தகரக் கொட்டகைக்குப் போனேன். நான் சொன்னால் உன் அட்டை திரும்பி வந்துவிடும், அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்ற நினைப்பில் போனேன். அதிகாரி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சார், நீங்க சொல்றது ஒண்ணு. அவங்க சொன்னது ஒண்ணு. அவங்களே வந்து மாத்திச் சொன்னாத்தான் நான் மேலே எழுத முடியும்" என்றார்.

"பயத்துல சொல்லிட்டா தம்பி. எனக்காகத்தான் சொன்னா."

"அதுதான் சார் பிரச்சினை. கவனக்குறைவுன்னா திரும்பப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒரு ஆளுக்காகப் பொய் சொல்ற பணியாளரை நான் எப்படித் திரும்ப ரோட்டுல நிறுத்துறது? நாளைக்கு வேற யாராவது தெரிஞ்சவங்க வந்தா?"

அவர் கேட்டது நியாயம். அவரே சொன்னார்: "செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க. வந்து உண்மையச் சொன்னா, மறுபடி வகுப்புக்கும் தேர்வுக்கும் அனுப்புறேன்னு மேலே கேட்டுருக்கேன். சம்மதிக்கலாம். வரலைன்னா, வந்தும் அதையே சொன்னாங்கன்னா, ரத்துதான்."

வெளியே பேச்சி தலையில் சட்டியோடு சல்லி சுமந்துகொண்டிருந்தாள். விசாரணை முடியும்வரை அவளையும் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு முனையிலும் வெளியூரிலிருந்து வந்த புது ஆட்கள் நிற்கிறார்கள். பேச்சி சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "குச்சி வந்துச்சு, விட்டேன். எம்மேல என்ன சாமி தப்பு?" என்றாள். ஒன்றுமில்லை, எல்லாம் என்மேல்தான் என்றேன். "அது இந்த மலைக்கே தெரியும். நீங்க சொல்லி என்னா ஆகப்போகுது? அந்தக் கழுதையக் கூட்டியாங்க. அப்பன காப்பாத்துறேன்னு எம் பொழப்பையுமில்ல சேத்து அடகு வச்சிட்டுப் போயிட்டா. அவ வந்து வாயத் தொறந்தாத்தான் நானும் பலகையத் தொட முடியும்." இதை உன்னிடம் இதே வார்த்தைகளில் சொல்லச் சொன்னாள். கழுதை என்பதையும் சேர்த்து.

ஆகவே செவ்வாய்க்கிழமை வா. உன் சித்தி உன்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கொட்டகைக்குள் நான் வரமாட்டேன்; வரக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நான் எதிரில் இருந்தால் நீ மறுபடி என் முகத்தைப் பார்ப்பாய். மன்னிப்பு கேட்பது தனிக் காரியம். அதை நேரில் கேட்பேன், நீ கொடுக்காமலும் இருக்கலாம். இந்தக் கடிதத்தில் நான் கேட்பது வேறு. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, வயதாகிவிட்டது, வழக்கு வந்திருக்கிறது, அம்மா தனியாகிவிடுவாள் என்று எதையும் நினைக்காதே. 'பனியில் அவருக்குப் பலகை தெரியவில்லை' என்று சொல்லலாம் என உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும். தெரிந்தது. பலகை, நீ உயர்த்திய கை, எல்லாம் தெரிந்தது.

காரை ஓட்டியது யார் என்று கேட்பார்கள். "எங்க அப்பா. நிக்கச் சொன்னேன், நிக்கல" என்று சொல். அதற்குமேல் எனக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே.

அப்பா